இசட் டிரைவ் போன பிறகு: ஆபீஸ் சர்வரை ஷேர்பாயிண்டுக்கு மாற்றும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் ஆபீஸ். மூலையில் ஒரு விண்டோஸ் சர்வர், எல்லார் கணினியிலும் அது இசட் டிரைவ் என்று தெரியும். அதில் இருப்பதை மைக்ரோசாஃப்ட் 365-இன் ஷேர்பாயிண்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது மாற்றி முடித்துவிட்டீர்கள், இப்போது ஆளுக்கொரு புகாரோடு வருகிறார்கள். விண்டோஸ் சர்வர் 2012-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதி முடிந்த பிறகு நிறைய சின்ன நிறுவனங்கள் இந்த நிலைமையில்தான் இருக்கின்றன. கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம்.

அதற்கு முன் இரண்டு விஷயம். பழைய சர்வரில் எதையும் அழிக்காதீர்கள். மாற்றி முடித்த ஷேரை (சர்வரில் எல்லாருக்கும் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை) "படிக்க மட்டும்" என்று ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாதிப் பேர் பழைய இடத்திலும் பாதிப் பேர் புதிய இடத்திலும் எழுதுவார்கள். ஒரு வாரம் கழித்து எது சரியான பிரதி என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஷேர்பாயிண்ட் அடிப்படையில் ஒரு வலைத்தளம். கிளவுடில் உள்ளதையும் கணினியில் உள்ளதையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒன்டிரைவின் சிங்க் வசதி அதை ஃபோல்டர் போலக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தத் தோற்றத்தை நம்பி இசட் டிரைவில் செய்த எல்லாவற்றையும் அங்கேயும் செய்யப் பார்ப்பதுதான் கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

நாள் கணக்காக ஓடுகிறது, முடியவே இல்லை

முதலில் கணக்குப் போடுங்கள். இணையத் திட்டத்தில் விளம்பரப்படுத்துவது இறக்கும் வேகம். உங்களுக்கு இப்போது தேவை ஏற்றும் வேகம். ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 1 டெராபைட் போய்ச்சேர 4,00,000 நொடி, அதாவது ஏறக்குறைய நாலரை நாள். அதுவும் லைன் ஒரு நிமிடம்கூட அறுந்துபோகாமல், வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால். பத்து வருடச் சர்வர் 1 டெராபைட்டில் நிற்பதும் அபூர்வம்.

கணக்குச் சரியாக இருந்தும் அதைவிட மெதுவாகப் போனால் பெரும்பாலும் சின்னக் கோப்புகள்தான் காரணம். 5 ஜிபி வீடியோ ஒன்று சீக்கிரம் போய்விடும். அதே 5 ஜிபி 40 கேபி கோப்புகளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிவர்த்தனை நடந்தாக வேண்டும். லாகில் (பதிவுக் கோப்பில்) 429 அல்லது 503 என்ற எண்கள் தென்பட்டால் மைக்ரோசாஃப்ட் பக்கமே உங்களை நிதானப்படுத்துகிறது என்று பொருள். அப்போது நான்கு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டி விரட்டப் பார்த்தால் இன்னும் மெதுவாகும். இரவிலும் வார இறுதியிலும் ஓட விடுங்கள்.

பிரவுசரில் இழுத்துப்போட்டு ஏற்றிக்கொண்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஷேர்பாயிண்ட் மைக்ரேஷன் டூலை இறக்கி, சர்வரில் இல்லாமல் நல்ல வேறொரு கணினியில் நிறுவி ஓட்டுங்கள். அந்த டூலின் வேலை ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குவதும் வேகத்துக்கு உதவும். இந்த டூலின் உண்மையான பலன் இதுதான்: முதல் ஓட்டத்தை ஆபீஸ் நடந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதே வேலையை மறுபடி ஓட்டினால் இடையில் மாறியவை மட்டும் போகும். ஒரே ஒரு கண்ணி உண்டு. முதல் ஓட்டத்துக்குப் பிறகு யாராவது சர்வரில் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால், பழைய பெயரில் ஒன்றும் புதிய பெயரில் ஒன்றுமாக அந்தப் பக்கம் இரண்டு ஃபோல்டர் இருக்கும். இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே பெயர் மாற்ற வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

"முடிந்தது" என்கிறது, ஆனால் கோப்புகள் குறைகின்றன

தோல்வியடைந்தவை எவை என்று டூல் தனியாக ஒரு அறிக்கை எழுதி வைக்கும். அதை எக்ஸெலில் திறந்து காரணப்படி வரிசைப்படுத்துங்கள். அனேகமாக நாலைந்து காரணங்களே திரும்பத் திரும்ப வரும்.

பெயரில் " * : < > ? / \ | இவற்றில் ஏதாவது இருப்பது முதல் காரணம். விண்டோஸும் இவற்றை ஏற்காது என்பதால், மேக் கணினியிலிருந்தோ நாஸ் பெட்டியிலிருந்தோ (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) வந்த கோப்புகளில்தான் பெரும்பாலும் இவை இருக்கும். பெயரின் முன்னோ பின்னோ இருக்கும் வெற்றிடமும் ஆகாது. #, % இரண்டும் ஒரு காலத்தில் தடைப்பட்டிருந்தன, இப்போது பிரச்சினை இல்லை. இவற்றை மாற்றச் சொல்லும் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு ஆயிரம் கோப்புகளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது பாதையின் நீளம். ஷேர்பாயிண்டில் தளம், லைப்ரரி (தளத்துக்குள் கோப்புகளை வைக்கும் இடம்), எல்லா ஃபோல்டர்கள், கோப்பின் பெயர் சேர்த்து 400 எழுத்து வரை அனுமதி. ஆனால் அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள், விண்டோஸின் பழைய 260 எழுத்து எல்லை இன்னும் பல மென்பொருள்களில் உயிரோடு இருக்கிறது. சிங்க் ஆனதும் கோப்பு சி டிரைவில் பயனர் பெயர், நிறுவனப் பெயர், தளப் பெயர் எல்லாம் தாண்டித்தான் உட்காரும். சர்வரில் "இசட்" என்ற ஓர் எழுத்தில் முடிந்தது இங்கே அறுபது எழுபது எழுத்தைத் தின்றுவிடும். எக்ஸெலுக்கு எல்லை இன்னும் குறைவு, 218. அதனால்தான் கிளவுடில் இருக்கும் கோப்பு, பிரவுசரில் திறக்கும் கோப்பு, கணினியிலிருந்து திறந்தால் மட்டும் மறுக்கிறது. தளத்தின் பெயரைச் சின்னதாக வையுங்கள். "கணக்கு" போதும், "கணக்கு மற்றும் நிதிப் பிரிவு ஆவணங்கள் 2024" வேண்டாம்.

"ஃபார்ம்ஸ்" என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஃபோல்டர் உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான ஆபீஸில் இருக்கும், விடுப்பு விண்ணப்பம் போன்றவை அதில்தான் கிடக்கும். லைப்ரரியின் மேல்மட்டத்தில் அந்தப் பெயரை ஷேர்பாயிண்ட் தனக்கென்று வைத்திருக்கிறது, அனுமதிக்காது. பெயரை மாற்றுங்கள், அல்லது ஒரு படி உள்ளே தள்ளுங்கள்.

"அணுகல் மறுக்கப்பட்டது" என்று வந்தால் டூலை ஓட்டும் கணக்குக்கே அந்த ஃபோல்டரைப் படிக்கும் உரிமை இல்லை. நிர்வாகி கணக்காக இருந்தாலும் இது நடக்கும். முதலாளி தன் ஃபோல்டரிலிருந்து நிர்வாகியை நீக்கி வைத்திருப்பார். "பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால் யாரோ கோப்பைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். டில்டாவும் டாலரும் சேர்ந்து தொடங்கும் பெயர்கள் ஆஃபிஸின் தற்காலிகக் கோப்புகள், அவை போகாததே நல்லது.

இதையெல்லாம் முதல் ஓட்டத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். டூலின் அமைப்புகளில் "ஸ்கேன் மட்டும்" என்ற தேர்வு இருக்கிறது. ஒரு பைட்கூட நகர்த்தாமல் என்னென்ன மாட்டும் என்று பட்டியல் தரும்.

பார்க்கக் கூடாதவர்கள் பார்க்கிறார்கள்

இந்தப் பட்டியலில் அவசரமானது இது. சம்பள ஷீட்டை ஸ்டோர்ஸ் பையன் திறந்துவிட்டான் என்று தெரிந்ததும், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அந்த லைப்ரரியின் உரிமைகளை முழுவதும் நீக்கி முதலாளிக்கும் உங்களுக்கும் மட்டும் வையுங்கள். பிறகு நிதானமாகக் காரணம் தேடலாம்.

காரணம் பெரும்பாலும் "டினை". விண்டோஸ் சர்வரில் ஒரு குழுவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு அதில் இரண்டு பேரை மட்டும் டினை போட்டுத் தடுப்பது பழைய பழக்கம். ஷேர்பாயிண்டுக்கு அப்படி ஒரு தடை தெரியாது. மைக்ரேஷன் டூல் அனுமதிகளைக் கொண்டுபோகும்போது டினையை விட்டுவிடும். அனுமதி மட்டும் போய்ச்சேரும், தடை சேராது. உங்கள் சர்வரில் டினை எங்கெல்லாம் இருக்கிறது என்று நகர்த்தும் முன்பே தேடி, அந்த இடங்களில் அனுமதியைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் முறைக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம் யாருக்கும் சந்தேகம் வராத ஒன்று. உரிமை எல்லாம் அப்படியே வந்திருக்கும். ஆனால் சர்வரிலேயே அந்த ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்துதான் இருந்திருக்கும். எட்டு அடுக்கு உள்ளே கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஷேர்பாயிண்டில் தேடல் பெட்டி இருக்கிறது. "சம்பளம்" என்று தட்டினால், தட்டியவருக்கு உரிமை உள்ள ஒவ்வொரு கோப்பும், உள்ளே எழுதியிருப்பதோடு சேர்த்து, மேலே வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட் போன்றவற்றை இயக்கிவிட்டால் இன்னும் வேகமாக வெளிவரும்.

என்னைக் கேட்டால் பழைய உரிமைகளைக் கொண்டுபோகவே வேண்டாம். பத்து வருடத்தில் யார் யாருக்கோ அவசரத்துக்குக் கொடுத்தவை, வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள், "எவ்ரிஒன்" குழு எல்லாம் சேர்ந்த குப்பை அது. கணக்கு, மனிதவளம், விற்பனை, பொது என்று பிரிவுக்கு ஒரு தளம் போடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குழு, அந்தக் குழுவில் ஆட்கள். ஃபோல்டர் ஃபோல்டராகத் தனி உரிமை கொடுக்க ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் பழைய சர்வர் மாதிரியே ஆகிவிடும். தனி உரிமை வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் பெரும்பாலும் தேவைப்படுவது தனி லைப்ரரி அல்லது தனித் தளம்.

சரிபார்க்க எளிய வழி: சாதாரண ஊழியர் ஒருவருக்கு உள்ள அதே குழுக்களோடு ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, பிரவுசரின் தனி ஜன்னலில் அந்தக் கணக்கோடு நுழைந்து, சம்பளம், ஆதார், ராஜினாமா, வங்கி என்று தேடிப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். ஏதாவது வந்தால் தளத்தின் மேம்பட்ட உரிமைப் பக்கத்தில் "செக் பெர்மிஷன்ஸ்" பொத்தானில் அந்தக் கணக்கைக் கொடுங்கள். எந்தக் குழு வழியாக உரிமை வருகிறது என்று காட்டும்.

எக்ஸெல் "லிங்க்கைப் புதுப்பிக்க முடியவில்லை" என்கிறது

ஒரு ஷீட் இன்னொரு ஷீட்டிலிருந்து எண்ணை எடுக்கிறது. அந்த இன்னொன்றின் முகவரி இசட் டிரைவில் தொடங்குகிறது. இசட் இப்போது இல்லை. இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். வேறு வேறு ஃபோல்டர்களில் இருந்தால், அதிலும் இப்போது வேறு வேறு தளங்களுக்குப் பிரிந்திருந்தால், அறுந்துவிடும்.

டேட்டா பட்டியலில் "எடிட் லிங்க்ஸ்" (புதிய பதிப்புகளில் "வொர்க்புக் லிங்க்ஸ்") திறந்து "சேஞ்ச் சோர்ஸ்" வழியாகப் புதிய இடத்தைக் காட்டுங்கள். ஒரு மூலத்துக்கு ஒரு தடவை செய்தால் அந்த ஷீட்டில் உள்ள எல்லாச் சூத்திரங்களும் மாறிவிடும். இதை ஒரே ஆள், ஒரே கணினியில் செய்வது நல்லது. மேக்ரோவுக்குள் இசட் என்று நேரடியாக எழுதியிருந்தால் இந்த வழி எட்டாது, மேக்ரோ எடிட்டரில் தேடி மாற்ற வேண்டும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகளும் வேர்டு மெயில்மெர்ஜும் இதே வகை.

சிங்க் ஆன ஃபோல்டருக்கே, ஒரு ஃபோல்டரை டிரைவ் போலக் காட்டும் விண்டோஸின் சப்ஸ்ட் கட்டளையால் இசட் என்று பெயர் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடிக்க உதவும். ஆனால் சிங்க் ஆன கோப்பை எக்ஸெல் நேரடியாக இணைய முகவரியில் திறப்பது வழக்கம் என்பதால் லிங்க்குகள் பாதி இசட்டாகவும் பாதி இணைய முகவரியாகவும் கலந்துபோகும். அதற்குப் பிறகு சுத்தம் செய்வது முன்பைவிடக் கஷ்டம்.

டாலி டேட்டா கெட்டுவிட்டது, ஆக்சஸ் திறக்கவில்லை, அவுட்லுக் பிஎஸ்டி சிங்க் ஆகவே மாட்டேன் என்கிறது

இவற்றை அங்கே வைத்திருக்கவே கூடாது. தீர்வு, திரும்பக் கொண்டுவருவதுதான்.

கணக்கு மென்பொருளான டாலியும் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸும் தங்கள் டேட்டா கோப்புகளை விடாமல் திறந்து வைத்து, நடுவில் நடுவில் சின்னச் சின்னதாக எழுதும். யார் எந்த வரியில் எழுதுகிறார் என்று பூட்டி வைக்க, நிஜமான நெட்வொர்க் ஷேர் வேண்டும். சிங்க்கோ கோப்பு மாறியதும் முழுசாக எடுத்து மேலே அனுப்பப் பார்க்கிறது. இரண்டு பேர் தங்கள் தங்கள் கணினியில் ஒரே கம்பெனியைத் திறந்தால் இருவருக்கும் தனித்தனிப் பிரதி. பூட்டு எதுவும் இல்லை. மாலையில் ஒருவருடைய வவுச்சர்கள் இருக்கும், இன்னொருவருடையவை இருக்காது.

உடனே செய்ய வேண்டியது: எல்லாரையும் டாலியிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள், எல்லாக் கணினிகளிலும் சிங்க்கை நிறுத்துங்கள், ஒவ்வொரு கணினியிலும் உள்ள டேட்டா ஃபோல்டரைத் தனித்தனிப் பெயரில் நகலெடுத்து வையுங்கள். எந்தப் பிரதியில் கடைசி வவுச்சர் முழுமையாக இருக்கிறது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். அதை ஆபீஸிலேயே ஒரு கணினியில் வைத்து பழையபடி நெட்வொர்க்கில் பகிருங்கள். இரவில் எடுக்கும் பேக்கப் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும், அதற்கு ஷேர்பாயிண்ட் அருமையான இடம்.

அவுட்லுக் மெயில்களைக் கணினியில் சேமித்து வைக்கும் கோப்பான பிஎஸ்டியின் விஷயம் வேறு மாதிரி. அவுட்லுக் திறந்திருக்கும் வரை அதைப் பூட்டி வைத்திருக்கும், மூடியதும் ஒரு மெயில் மாறியதற்காகப் பல ஜிபி மறுபடி ஏறத் தொடங்கும். பழைய மெயில்களை மெயில் பெட்டிக்கே இறக்குமதி செய்துவிட்டு பிஎஸ்டியை ஓய்வு பெற வையுங்கள்.

ஆட்டோகேட் நடுவில் நிற்கிறது. தனித்தனி வரைபடங்கள் என்றால் ஓடும். எக்ஸ்ரெஃப் (ஒரு வரைபடத்துக்குள் இணைத்த வேறு வரைபடம்) நிறைய உள்ள திட்டம் என்றால் முழு முகவரியில் இணைத்தவை எல்லாம் அறுந்துபோகும். ஆட்டோகேட் 2018-இலிருந்து சார்பு முகவரி (வரைபடம் இருக்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் முகவரி) இயல்பாக வருகிறது. அதற்கு முந்தைய வரைபடங்களை ஆட்டோகேடோடு வரும் ரெஃபரன்ஸ் மேனேஜரில் மொத்தமாக மாற்றலாம். இரண்டு பேர் ஒரே வரைபடத்தைத் திறப்பதைச் சிங்க் தடுக்காது என்பதையும் வரைபவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்புச் சேவையான அஷ்யூர் ஃபைல்ஸில் நிஜமான நெட்வொர்க் ஷேர் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அதற்கு 445 போர்ட் வேண்டும், பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. விபிஎன் போட்டால் வழி திறக்கும், தாமதம் அப்படியே இருக்கும். டாலிக்காக ஒரு சின்னப் பெட்டி ஆபீஸில் தங்கிவிட்டால் மாற்றம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒரே கோப்பு, பின்னால் கணினிப் பெயரோடு இரண்டாவது பிரதி

இருவர் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள், சேர்க்க முடியாமல் ஒன்டிரைவ் இரண்டையும் வைத்துவிட்டது. கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ், டாக் வகையா என்று முதலில் பாருங்கள். பழைய வகைகளில் சேர்ந்து எழுத முடியாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்தால் முடியும். கோப்புக்குத் திறக்கும் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் முடியாது. பழைய "ஷேர்டு வொர்க்புக்" வசதி இயக்கத்தில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

சிங்க் சுழன்றுகொண்டே இருக்கிறது, அல்லது லேப்டாப் டிஸ்க் நிறைந்துவிட்டது

ஒருவருடைய கணினியில் சிங்க் ஆகும் எல்லா லைப்ரரிகளும் சேர்த்து 3,00,000 கோப்பைத் தாண்ட வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. இறக்காமல் மேகக் குறியோடு மட்டும் இருப்பவையும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே மொத்த சர்வரையும் எல்லாருக்கும் சிங்க் செய்து கொடுக்காதீர்கள். தினமும் தொடும் ஃபோல்டர் சிங்க்கில், மற்றவை பிரவுசரில். முடிந்த திட்டங்களை யாருக்கும் சிங்க் ஆகாத தனி லைப்ரரிக்கு மாற்றுங்கள்.

டிஸ்க் நிறைந்தால் யாரோ மேல் ஃபோல்டரில் "எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு" என்று கொடுத்திருப்பார்கள். வலது கிளிக் செய்து "இடத்தை விடுவி" கொடுங்கள். அழித்து இடம் பிடிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒருவர் லேப்டாப்பில் அழிப்பது எல்லாருக்கும் அழியும். அப்படி அழிந்திருந்தால் தளத்தின் குப்பைத்தொட்டியில் 93 நாள் இருக்கும். பெரிய அளவில் நடந்திருந்தால் லைப்ரரியையே கடந்த 30 நாளுக்குள் ஏதாவது ஒரு நேரத்துக்குத் திருப்பும் வசதியும் உண்டு. இரண்டையும் பேக்கப் என்று எண்ண வேண்டாம், தனி பேக்கப் தேவை.

எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி

பிரவுசரில் இழுத்துப்போட்டதன் விளைவு. ஏற்றிய நாள், ஏற்றியவர் பெயர்தான் பதிவாகும். பழைய சர்வர் அப்படியே இருந்தால் மைக்ரேஷன் டூலில் புதிய லைப்ரரிக்கு மறுபடி நகர்த்துவதே சுருக்கமான வழி.

வாங்கிய இடம் சில மாதத்தில் தீர்ந்துவிட்டது

ஷேர்பாயிண்டில் நிறுவனத்துக்கு 1 டெராபைட், அதோடு லைசென்ஸுக்கு 10 ஜிபி. 15 பேர் என்றால் 1 டெராபைட்டும் 150 ஜிபியும். ஒன்டிரைவில் ஆளுக்குக் கிடைக்கும் 1 டெராபைட் இதில் சேராது. சேரும் என்று நினைத்துத்தான் பலர் திட்டமிடுகிறார்கள். இன்னொன்று, ஒவ்வொரு கோப்புக்கும் வழக்கமாக 500 பழைய பதிப்பு வரை சேர்த்து வைக்கப்படுகிறது, ஒவ்வொன்றும் இடக் கணக்கில் வரும். 80 எம்பி வரைபடத்தை நாளுக்குப் பத்து தடவை சேமித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நிர்வாக மையத்தில் பதிப்பு எல்லையைத் தானியங்கி என்று மாற்றுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள். இந்த மாற்றம் இனி வருபவற்றுக்குத்தான்; ஏற்கெனவே சேர்ந்ததைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

பழைய சர்வரை அணைத்ததும் வேறு ஏதோ நின்றுவிட்டது

ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்கு வரவில்லை என்பது முதல் புகாராக இருக்கும். மெஷின் அந்த சர்வரின் ஷேரில் போட்டுக்கொண்டிருந்தது. மெயிலுக்கு ஸ்கேன் செய்ய மாற்றலாம், ஆனால் புதிய 365 கணக்குகளில் எஸ்எம்டிபி நுழைவு (மெஷின் போன்றவை மெயில் அனுப்பும் வழி) முடக்கப்பட்டே வரும், அதைக் கவனியுங்கள். டாலிக்காக வைத்த பெட்டியில் ஒரு ஸ்கேன் ஷேர் போடுவது இதைவிட எளிது. மெஷினுக்கு விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும் என்றால் அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள், மெயில் வழியே போங்கள்.

இன்டர்நெட்டே போய்விட்டது என்றால் அந்த சர்வர்தான் ஆபீஸுக்கு ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்திருக்கும், இல்லையென்றால் வலைத்தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அதில் இருந்திருக்கும். ரூட்டரில் இரண்டையும் இயக்கிக் கொடுங்கள். யாராலும் கணினிக்குள் நுழைய முடியாவிட்டாலோ பாஸ்வேர்டு மாற்ற முடியாவிட்டாலோ அது டொமைன் கன்ட்ரோலர், அதாவது எல்லாருடைய நுழைவையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சர்வர். திரும்ப இயக்குங்கள், அதை விலக்குவது வேறொரு வேலை. பிரிண்டர் பகிர்வும் ஏதாவது மென்பொருளின் லைசென்ஸ் சர்வீஸும் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

அணைப்பதற்கு முன் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸின் கீழ் செஷன்ஸும் ஓப்பன் ஃபைல்ஸும் பாருங்கள். எந்தக் கணினி, யார் பெயரில், எந்தக் கோப்புக்கு இன்னும் வருகிறது என்று அங்கே தெரியும். மாதக் கடைசி, ஜிஎஸ்டி தாக்கல் நாள், சம்பள நாள் மூன்றும் கடந்து இந்தப் பட்டியல் காலியாக இருந்தால் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கி வையுங்கள். இரண்டு வாரம் யாரும் வந்து கேட்கவில்லையென்றால் மின்சாரத்தையும் நிறுத்தலாம். டிஸ்க்கைத் துடைப்பது மார்ச் கணக்கு முடிந்த பிறகு.